ஒரு திட்ட விலக்கம் எவ்வளவு?

அளவுகோலால் நேரடியாகத் தொட முடியாத ஒன்று, அப்படியே தொட முடியாத இன்னொன்றை எவ்வளவு பாதிக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும் முயற்சிக்குக் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி என்று பெயர். அறிவுத்திறன், மன அழுத்தம், குடும்ப வசதி, நோயின் கடுமை ஆகிய எதற்கும் தராசோ நாடாவோ கிடையாது. அவற்றின் அறிகுறிகளைத்தான் அளக்க முடியும். அறிகுறிகளுக்குப் பின்னால் இருப்பதாகக் கொள்ளப்படும் அளவு மறைமாறி. அளக்கக் கிடைக்கும் அறிகுறி ஒவ்வொன்றும் ஒரு சுட்டி. மறைமாறியிலிருந்து சுட்டிகளுக்குச் செல்லும் அம்புகள் மாதிரியின் ஒரு பாதி, மறைமாறிகளுக்குள் ஓடும் அம்புகள் மறுபாதி. ஒவ்வோர் அம்பின் மீதும் ஒரு கெழு இருக்கும். ஆய்வறிக்கைகளில் அந்தக் கெழு பெரும்பாலும் தரப்படுத்திய வடிவில், அதாவது அலகு நீக்கிய வெற்றெண்ணாக, 0.6 என்றோ −0.3 என்றோ அச்சாகிறது. படிப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த எண்ணைப் போல் தவறாகப் படிக்கப்படும் எண் புள்ளியியலில் அதிகம் இல்லை.

இந்த எண்ணை ஒரு வயலில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். ஆந்திரத்தின் ஏர்பேடு மண்டலம் ஸ்ரீகாளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருக்கிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். நிலக்கடலை விளையும் இந்தப் பகுதியின் பெயரைத் தாங்கிய பயிர் நோய் ஒன்று உண்டு: காளஹஸ்தி நோய். மண்ணில் வாழும் டைலென்கோரிங்கஸ் பிரெவிலினியேட்டஸ் என்ற நூற்புழு விழுதையும் இளங்காயையும் தாக்குகிறது. காய்களில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன, செடி குட்டையாகிறது, காய் சிறுத்துப்போகிறது. இந்த நோயைத் தாங்கக்கூடிய ரகம் ஒன்றைத் திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியபோது அதற்கும் காளஹஸ்தி என்றே பெயர் வைத்தது. ஒரே ஊர்ப் பெயர் நோய்க்கும் மருந்துக்கும்.

ஒரு வயலில் இந்த நோயின் கடுமை எவ்வளவு என்பது மறைமாறிக்கு நல்ல எடுத்துக்காட்டு. மண்ணில் நூற்புழுக்களின் எண்ணிக்கை, புள்ளி விழுந்த காய்களின் விழுக்காடு, செடியின் உயரக் குறைவு ஆகியவை சுட்டிகள். எந்த ஒன்றும் தனியாக நோயாகிவிடாது. மண் மாதிரி எடுத்த இடத்தில் புழு குறைவாக இருந்திருக்கலாம். செடி வறட்சியாலும் குட்டையாகியிருக்கலாம். விளைச்சல் திறனையும் அப்படியே ஒரு மறைமாறியாகக் கொண்டு, செடிக்குக் கிடைக்கும் காய் எடை, காய்களின் எண்ணிக்கை போன்றவற்றைச் சுட்டிகளாக்கலாம். நோயின் கடுமையிலிருந்து விளைச்சல் திறனுக்கு ஓர் அம்பு. இந்த மாதிரிக்காக இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. எந்த வயலிலும் எடுத்தவை அல்ல.

மறைமாறிக்கு இயல்பான அலகு கிடையாது. யாராவது கொடுத்தால்தான் உண்டு. கொடுக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதல் வழியில் ஒரு சுட்டியை முன்னோடியாகத் தேர்ந்து, மறைமாறியிலிருந்து அதற்குச் செல்லும் அம்பின் கெழுவை, அதாவது காரணிச் சுமையை, 1 என்று நிலைநிறுத்துவார்கள். மறைமாறி அந்தச் சுட்டியின் அலகைக் கடன் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது வழியில் மறைமாறியின் திட்ட விலக்கத்தையே, அதாவது அதன் மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவையே, 1 என்று வைத்துவிடுவார்கள். புள்ளி விழுந்த காய்களின் விழுக்காடு முன்னோடி என்றால் நோயின் கடுமை விழுக்காட்டில் அளக்கப்படும். அதன் திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்ளலாம். விளைச்சல் திறன் காய் எடையின் கிராமைக் கடன் வாங்குகிறது. திட்ட விலக்கம் 4 கிராம். அம்பின் மூலக் கெழு, அதாவது தரப்படுத்தாத கெழு, −0.2 என்றால், நோயின் கடுமை ஒரு விழுக்காடு ஏறும்போது செடிக்கு 0.2 கிராம் குறைகிறது என்று பொருள்.

முன்னோடியை மாற்றினால் இந்த எண் மாறிவிடும். நூற்புழு எண்ணிக்கை முன்னோடியாகி, ஒரு விழுக்காட்டுக்கு ஐந்து புழு என்ற விகிதம் இருந்தால், நோயின் கடுமையின் திட்ட விலக்கம் 60 ஆகும். மூலக் கெழு −0.04 ஆகச் சுருங்கும். வயல் அதே, தரவு அதே, மாதிரி பொருந்தும் தரமும் அதே. −0.2 பெரிது, −0.04 சிறிது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பேசினால் கேலிக்கூத்தாகிவிடும். தரப்படுத்துதல் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது. மூலக் கெழுவை அம்பு தொடங்கும் மாறியின் திட்ட விலக்கத்தால் பெருக்கி, அம்பு முடியும் மாறியின் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். −0.2 ஐ 12 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்தால் −0.6. −0.04 ஐ 60 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்தாலும் −0.6. முன்னோடி யார் என்ற கேள்வி கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. அளவுகோலை மாற்றினாலும் முடிவு மாறக்கூடாது என்ற கவலை பழையது. சுட்டிகளின் அலகைச் சாராத காரணிப் பகுப்பாய்வு முறை ஒன்றைப் புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் 1955-ல் சைக்கோமெட்ரிகா இதழில் தந்தார்.

−0.6 இன் நேர்ப் பொருள் இதுதான்: மாதிரியில் உள்ள மற்றக் காரணங்கள் அசையாதிருக்க, நோயின் கடுமை ஒரு திட்ட விலக்கம் ஏறினால் விளைச்சல் திறன் 0.6 திட்ட விலக்கம் இறங்கும். இது விளைச்சலில் 60 விழுக்காடு நோயால் போகிறது என்பதாகாது. நோய்க்கும் விளைச்சலுக்கும் 60 விழுக்காடு தொடர்பு என்பதும் ஆகாது. காரணம் ஒன்றே ஒன்றாக இருக்கும்போதோ, காரணங்கள் தமக்குள் ஒட்டுறவு கொள்ளாதபோதோ மட்டும் தரப்படுத்திய கெழுவின் வர்க்கத்துக்குப் பங்கு என்ற பொருள் உண்டு. 0.6 இன் வர்க்கம் 0.36, விளைச்சல் திறனில் வயலுக்கு வயல் காணும் மாறுபாட்டில் 36 விழுக்காட்டை நோயின் கடுமை விளக்குகிறது, மீதி 64 விழுக்காடு மாதிரிக்கு வெளியே நிற்கிறது.

சுட்டிகளுக்குச் செல்லும் அம்புகளின் தரப்படுத்திய கெழுவுக்கு வேறு பொருள். புள்ளிக் காய் விழுக்காட்டின் மொத்தத் திட்ட விலக்கம் 15, அதில் மறைமாறியிலிருந்து வருவது 12 என்றால், தரப்படுத்திய சுமை 0.8, அதன் வர்க்கம் 0.64. அந்தச் சுட்டியின் மாறுபாட்டில் 64 விழுக்காடு நோயைப் பற்றிய செய்தி, மீதி 36 அளவைப் பிழையும் அந்தச் சுட்டிக்கே உரிய பிற விஷயங்களும். நூற்புழு எண்ணிக்கையின் மொத்தத் திட்ட விலக்கம் 100, மறைமாறியின் பங்கு 60 என்றால் சுமை 0.6. புழுவை எண்ணுவதைவிடக் காயைப் பார்ப்பது நம்பகமான சாட்சி என்று இது சொல்கிறது. மூலச் சுமைகளைப் பார்த்திருந்தால் 1 என்றும் 5 என்றும் தெரிந்து, புழு எண்ணிக்கைதான் வலிய சுட்டி என்று தோன்றியிருக்கும். சுட்டிகளைத் தரம் பிரிக்கும் இந்த வேலையில் தரப்படுத்திய கெழுவுக்கு ஈடு இல்லை.

மறைமாறி மாதிரியைச் சாதாரண ஒட்டுறவுக் கணக்கோடு ஒப்பிடும்போது வரும் குழப்பமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. புள்ளிக் காய் விழுக்காட்டையும் காய் எடையையும் நேரடியாக எடுத்து ஒட்டுறவு கணக்கிட்டால் −0.6 கிடைக்காது. காய் எடையின் சுமையும் 0.8 என்றால், 0.8 ஐயும் −0.6 ஐயும் 0.8 ஐயும் பெருக்கி −0.384 தான் கிடைக்கும். அளவைப் பிழை தொடர்பை மெலியவைக்கிறது. உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904-லேயே இதைக் கவனித்து, மெலிவை நீக்கும் சூத்திரத்தைத் தந்திருந்தார். மறைமாறி மாதிரி அந்தத் திருத்தத்தைத் தானாகவே செய்துவிடுகிறது. ஆகவே மறைமாறிகளுக்கு இடையிலான 0.6 ஐயும் வேறொருவர் வெறும் சுட்டிகளைக் கொண்டு கண்ட 0.38 ஐயும் அருகருகே வைத்து, மறைமாறி ஆய்வில் விளைவு பலமாக இருந்தது என்று எழுதுவது சரியாகாது. இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு தோற்றங்களாக இருக்கலாம்.

தரப்படுத்திய கெழுவின் பெரிய பலவீனம் அதன் சூத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அதில் இரண்டு திட்ட விலக்கங்கள் உள்ளன. அவை இயற்கையின் மாறிலிகள் அல்ல, தரவு எடுத்த கூட்டத்தின் பண்புகள். நோய் எங்கும் ஏறத்தாழ ஒரே கடுமையில் பரவிய ஒரு வட்டாரத்தில் அதன் திட்ட விலக்கம் 12 க்குப் பதில் 3 விழுக்காடாக இருக்கட்டும். ஒரு விழுக்காட்டுக்கு 0.2 கிராம் என்ற சேதம் அப்படியே. விளைச்சலை அசைக்கும் மற்றக் காரணங்களும் அப்படியே. கணக்கிட்டால் விளைச்சலின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 3.26 கிராம், தரப்படுத்திய கெழு −0.18. புழு முன்பு கடித்தது போலவே கடிக்கிறது. அறிக்கையைப் படிப்பவரோ, முதல் வட்டாரத்தில் நோய் பெரும் பிரச்சினை, இரண்டாவதில் பொருட்படுத்த வேண்டாம் என்ற முடிவுக்கு வருவார். இரண்டாவது வட்டாரத்தில் சராசரிச் சேதம் அதிகமாகக்கூட இருக்கலாம். மாறுபாடு குறைவு என்பதைத் தவிர அந்த −0.18 வேறெதையும் சொல்லவில்லை.

ஏர்பேட்டிலேயே இதற்கு இன்னொரு களம் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யின் நிரந்தர வளாகம் இங்குதான். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் கணிதத்திலும் இயற்பியலிலும் வடிகட்டப்பட்ட பிறகே ஒருவர் இளநிலைப் பொறியியல் வகுப்புக்குள் வருகிறார். அப்படிப்பட்ட வகுப்பில் கணிதத் திறன் என்ற மறைமாறிக்குப் பரவல் சுருங்கியிருக்கும். அது பருவத் தேர்வு மதிப்பெண்ணை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று மாதிரி அமைத்தால் தரப்படுத்திய கெழு சிறிதாகவே வர வாய்ப்பு. நுழைவுத் தேர்வு எதையும் கணிக்கவில்லை, எனவே அது வீண் என்று வாதிடுபவர்கள் உலகெங்கும் இந்த வகை எண்ணைத்தான் காட்டுகிறார்கள். எல்லாரும் கணிதம் தெரிந்தவர்களாக இருக்கும் அறையில் கணிதம் யாரையும் பிரித்துக் காட்டாது. அதனால் கணிதம் தேவையில்லை என்றாகிவிடாது. இப்படித் திறனின் அடிப்படையில் கூட்டம் தேர்ந்தெடுக்கப்படும்போது, தொடர்பு நேர்கோடாக இருக்கும் வரை மூலக் கெழு பெரிதாக அசைவதில்லை.

தரப்படுத்திய கெழு கூட்டத்தைச் சார்ந்திருக்கும் இந்தக் குணம் முறை பிறந்த நாளிலேயே தெரிந்திருந்தது. தடக் கெழு என்ற பெயரில் தரப்படுத்திய அம்புகளை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட். கினிப் பன்றிகளின் தோலில் உள்ள வெள்ளைத் திட்டுகளுக்கு மரபு எவ்வளவு காரணம், சூழல் எவ்வளவு காரணம் என்று 1920-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் மரபு என்பது அளக்கப்படாத மாறி. இன்றைய மொழியில் மறைமாறி. கலந்து இனம் பெருக்கிய கூட்டத்தில் திட்டுகளின் மாறுபாட்டில் மரபின் பங்கு 42 விழுக்காடு. தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புக் கலப்பில் வளர்ந்த குடும்பத்தில் அது 3 விழுக்காடு. மரபணுக்கள் இரண்டாவது குடும்பத்தில் வேலை செய்வதை நிறுத்திவிடவில்லை. எல்லா விலங்குகளும் ஏறத்தாழ ஒரே மரபைக் கொண்டிருந்தன, அவ்வளவுதான். வர்க்கமூலம் எடுத்தால் அம்பின் மீதிருக்கும் கெழு 0.65 இலிருந்து 0.17 க்கு விழுகிறது. இதைக் கண்டு மலைக்காமல், தன் கெழு ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் நிலவரத்தைச் சொல்வது என்று ரைட் ஏற்றுக்கொண்டார். புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1954-ல் அலகு உள்ள கெழுவே அறிவியலுக்கு உதவும் என்று வாதிட்டபோது, இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்று ரைட் 1960-ல் பதில் எழுதினார். இன்று வரை இந்த விவாதத்தில் அதற்கு மேல் யாரும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை.

இந்தியாவில் ரைட்டின் முறை அதிகம் வேரூன்றிய இடம் வேளாண் கல்லூரி. புல் விதை விளைச்சலுக்கு அதைப் பயன்படுத்தி டியூவியும் லூவும் 1959-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பயிர் இனப்பெருக்க ஆய்வேடுகளில் தடப் பகுப்பாய்வு கிட்டத்தட்டக் கட்டாய அத்தியாயமாகிவிட்டது. 1961-ல் தொடங்கிய திருப்பதி எஸ்.வி. வேளாண் கல்லூரி போன்ற இடங்களில் நிலக்கடலையில் காய்களின் எண்ணிக்கை, நூறு பருப்பின் எடை, உடைப்புத் திறன் ஆகியவற்றிலிருந்து விளைச்சலுக்கு அம்பு வரைவது மாணவர்களுக்குப் பழகிய பாடம். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. இனப்பெருக்க ஆய்வாளர்கள் வயலில் கண்ட ஒட்டுறவைக் கொண்டு ஒரு முறையும், மரபுக்கூறின் ஒட்டுறவைக் கொண்டு ஒரு முறையும் தடக் கெழு கணக்கிடுவார்கள். மரபுக்கூறை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரே ரகத்தைப் பல பாத்திகளில் வளர்த்து, பாத்திக்குப் பாத்தி வரும் பிழையைக் கழித்துப் பெறுகிறார்கள். அதாவது பாத்திகள் சுட்டிகள், மரபு மதிப்பு மறைமாறி. சுட்டியின் நம்பகம் என்று உளவியலாளர் அழைப்பதைத்தான் இவர்கள் மரபுப் பேறு என்கிறார்கள். மரபுக்கூறின் கெழுக்கள் வயலில் கண்ட கெழுக்களைவிடப் பொதுவாகப் பெரிதாக வருவதற்குக் காரணமும் ஸ்பியர்மன் சொன்ன மெலிவு நீக்கமே.

லெங்காவும் மிஸ்ராவும் நெல் ரகங்களைப் பற்றி 1973-ல் எழுதிய கட்டுரையில் தடக் கெழுவுக்கு ஓர் அளவுப் பட்டியல் தந்தார்கள். 0.09 வரை பொருட்படுத்தத் தக்கதல்ல, 0.10 முதல் 0.19 வரை குறைவு, 0.20 முதல் 0.29 வரை மிதம், 0.30 முதல் 1 வரை உயர்வு, 1 ஐத் தாண்டினால் மிக உயர்வு. இந்திய வேளாண் ஆய்வேடுகள் இந்தப் பட்டியலை வாய்ப்பாடு போல ஒப்பிக்கின்றன. பட்டியலில் பயிர், பருவம், ரகங்களின் பரவல் எதற்கும் இடமில்லை; 0.28 ஐ மிதம் என்றும் 0.31 ஐ உயர்வு என்றும் பிரிப்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் கற்க முடியாது. கடைசி வகுப்பு இன்னும் மோசமாகத் திசை மாற்றுகிறது.

தரப்படுத்திய கெழு 1 ஐத் தாண்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரிக்கான லிஸ்ரல் மென்பொருளை உருவாக்கிய கார்ல் யோரஸ்கோக் 1999-ல் ஒரு குறிப்பு எழுதினார். தாண்டலாம், கெழு என்பது ஒட்டுறவு அல்ல. ஒரே ஓர் அம்பு மட்டும் வந்து சேரும் இடத்திலோ, காரணங்கள் தமக்குள் ஒட்டுறவு கொள்ளாத இடத்திலோதான் இரண்டும் சமம். செடியின் மொத்தக் காய்களும் முதிர்ந்த காய்களும் தமக்குள் 0.8 ஒட்டுறவு கொண்டிருந்து, விளைச்சலுக்கு முதிர்ந்த காய்களின் கெழு 1.1, மொத்தக் காய்களின் கெழு −0.5 என்று வந்தால் அதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. முதிர்ந்த காய்க்கும் விளைச்சலுக்கும் ஒட்டுறவு 1.1 இலிருந்து 0.4 ஐக் கழித்து 0.7, மொத்தக் காய்க்கு 0.88 இலிருந்து 0.5 ஐக் கழித்து 0.38. விளக்கப்பட்ட மாறுபாடு 58 விழுக்காடு. எல்லாம் வரம்புக்குள். இரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், ஒன்றை அசையாமல் வைத்து மற்றதை மட்டும் ஒரு திட்ட விலக்கம் நகர்த்துவது என்பதே அரிதான நிகழ்வாகிவிடுகிறது, 1.1 அந்த அரிய நிகழ்வைப் பற்றிய எண். அதை மிக உயர்ந்த விளைவு என்று கொண்டாடுவதைவிட, இரண்டு மாறிகளும் ஒரே விஷயத்தை இரு முறை அளக்கின்றனவா என்று பார்ப்பது பயனுள்ளது. மறைமாறி மாதிரியில் இந்த ஆபத்து கூடுதல். அளவைப் பிழை நீங்கியதும் மறைமாறிகளின் ஒட்டுறவு சுட்டிகளின் ஒட்டுறவைவிடப் பெரிதாகிவிடும். ஆனால் காரணிச் சுமை 1 ஐத் தாண்டி, சுட்டியின் பிழையின் மாறுபாடு எதிர்மறையாக வந்தால் அது வேறு வகை. அங்கே மாதிரியோ தரவோ உடைந்திருக்கிறது.

ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு கொண்ட மாறிக்குத் தரப்படுத்துதல் பொருந்தாது. நோய் தாங்கும் ரகத்தைப் பயிரிட்ட வயலுக்கு 1, மற்றதற்கு 0 என்று வைத்தால், ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு ரகம் மாறுவது என்றால் என்ன? பாதி வயல்களில் அந்த ரகம் இருந்தால் திட்ட விலக்கம் 0.5, பத்தில் ஒன்றில் இருந்தால் 0.3. ரகம் எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறுவது போல் தோன்றும். இங்கே விளைவுப் பக்கத்தை மட்டும் தரப்படுத்த வேண்டும். ரகம் நோயின் கடுமையை 9 விழுக்காடு குறைத்தால், 12 ஆல் வகுத்து, முக்கால் திட்ட விலக்கம் இறங்குகிறது என்று சொல்வதற்கு அர்த்தம் உண்டு. இதற்காகவே மென்பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்படுத்திய நிரல்களைத் தருகின்றன. லவான் மென்பொருளில் ஒரு நிரல் மறைமாறிகளை மட்டும் தரப்படுத்தும், அடுத்தது சுட்டிகள் உட்பட எல்லாவற்றையும். எம்ப்ளஸ் மென்பொருளில் விளைவை மட்டும் தரப்படுத்தும் வடிவம் தனியாக உண்டு. எந்த நிரலிலிருந்து எடுத்தது என்று சொல்லாமல் தரப்படுத்திய கெழு என்று மட்டும் அச்சிடும் கட்டுரைகள் ஏராளம்.

குழுக்களை ஒப்பிடுவதில் மூலக் கெழுவுக்கும் தரப்படுத்திய கெழுவுக்கும் உள்ள வேறுபாடு கொள்கை வரை போகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி.) நடத்தும் பன்னாட்டு மாணவர் மதிப்பீடு பீசா. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்ற பீசா 2009+ மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 337, கணிதம் 351, அறிவியல் 348. வாசிப்புத் திறன் ஒரு மறைமாறி. அதன் அலகு, 2000-ஆம் ஆண்டில் ஓ.இ.சி.டி. நாடுகளின் மாணவர்களுக்குச் சராசரி 500, திட்ட விலக்கம் 100 என்று வைத்ததிலிருந்து வருவது. குடும்ப வசதிக்கான குறியீடும் அந்த நாடுகளின் திட்ட விலக்கத்தையே அலகாகக் கொண்டது. இந்த அலகுகள் எல்லா நாட்டுக்கும் பொதுவாக நிலைத்திருப்பதால் நாடுகளை ஒப்பிட முடிகிறது. வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவை பீசா இரண்டாகப் பிரித்துத் தருகிறது. குறியீடு ஓர் அலகு ஏறினால் எத்தனை மதிப்பெண் ஏறும் என்பது சரிவு. மதிப்பெண் மாறுபாட்டில் எத்தனை விழுக்காட்டை வசதி விளக்குகிறது என்பது வலிமை. 2009-ல் ஓ.இ.சி.டி. சராசரி முறையே 38 மதிப்பெண், 14 விழுக்காடு. சரிவு மூலக் கெழு. வலிமை தரப்படுத்திய கெழுவின் வர்க்கம். ஏழ்மையை நீக்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்குச் சரிவு வேண்டும். பள்ளி வகுப்பறையில் இன்று காணும் ஏற்றத்தாழ்வில் ஏழ்மையின் பங்கு என்ன என்று கேட்பவருக்கு வலிமை வேண்டும். இரண்டு நாடுகளில் சரிவு ஒன்றாக இருந்து வலிமை மாறுபடலாம். வசதியின் பரவல் வேறாக இருந்தால் போதும். சரிவை ஒப்பிடுவதற்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. சுட்டிகளின் மூலச் சுமைகள் எல்லாக் குழுக்களிலும் சமமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு மறைமாறிகள் ஒப்பிடப்படுகின்றன.

மறைமுக விளைவுகளுக்குத் தரப்படுத்திய கெழு வசதியானது. ரகம் நோயைக் குறைத்து, நோய் குறைந்து விளைச்சலைக் கூட்டும் பாதையில் இரு கெழுக்களையும் பெருக்கினால் போதும்: −0.75 ஐ −0.6 ஆல் பெருக்கினால் 0.45 திட்ட விலக்கம். கிராமில், −9 ஐ −0.2 ஆல் பெருக்கி 1.8. நான்கு கிராமில் 0.45 பங்கும் அதே 1.8 தான்.

மிகைகாண் சோதனையில் மட்டும் இரண்டு வடிவங்களும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தரப்படுத்திய கெழுவில் திட்ட விலக்கங்களும் மதிப்பிடப்பட்டவை என்பதால் அதன் திட்டப் பிழை வேறு. தரவு குறைவாக இருக்கும்போது ஒன்று 5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டி மற்றது தாண்டாமல் போகலாம். தரவை முதலிலேயே தரப்படுத்தி, ஒட்டுறவு அணியை உடன்மாறுபாட்டு அணி போல மென்பொருளுக்குக் கொடுத்தால் கெழுக்கள் பெரும்பாலும் சரியாக வந்தாலும் திட்டப் பிழைகள் தவறாகிவிடும் என்று குடெக் 1989-ல் காட்டினார். குழுக்களுக்கு இடையே சமம் என்று கட்டுப்பாடு விதித்த மாதிரிகளில் கெழுக்களே தவறிவிடும். தரப்படுத்துவதை மதிப்பீடு முடிந்த பிறகு செய்ய வேண்டும். அறிக்கையில் மூலக் கெழு, அதன் திட்டப் பிழை, முன்னோடிச் சுட்டி எது என்ற குறிப்பு, மறைமாறிகளின் திட்ட விலக்கம் ஆகியவை இருந்தால், தரப்படுத்திய எண்ணை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். தரப்படுத்திய எண் மட்டும் இருந்தால் கிராமுக்குத் திரும்ப வழியில்லை.